எண்பத்தேழு டிகிரி

உயுனிக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்.
காற்று காதுமடலை அறுக்கிறது.
குட்டையின் மேல் படிந்த ராத்திரிப் பனி
பத்து மணியாகியும் உடையவில்லை.
என் எஞ்சின் மட்டும் கொதிக்கிறது.

முதலில் வாசனைதான் வந்தது,
கெட்டுப்போன பாகு மாதிரி ஓர் இனிப்பு.
அப்புறம் இடது முழங்காலில் சூடாக ஒரு தூறல்.
நிறுத்திக் குனிந்தால்
உபரி பாட்டிலுக்குள் கொப்புளம் கொப்புளமாய்,
யாரோ ஸ்ட்ரா போட்டு ஊதுகிற மாதிரி.

பின்னிருக்கைப் பெட்டியில்
நாற்பத்திரண்டு லாமாக்களின் ரத்தம்,
விரல் நீளக் குழாய்களில், ஐஸ் நடுவே.
நான்கு மணிக்குள் ஆய்வுக்கூடம் சேராவிட்டால்
நிகானோர் யூக்ராவின் மந்தையை
மறுபடி ஒவ்வொன்றாய்ப் பிடிக்க வேண்டும்.
நேற்று ஒன்று என் முகத்திலேயே துப்பியது.

சரி, செனோவியா. ஒழுங்காய் யோசி.

விசிறி சுற்றவில்லை. ஆகவே விசிறி.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் பிடித்தேன்: கம்பி முழுசு.
சென்சார் வயரைக் கழற்றி
ஹேர்பின்னால் இரு முனைகளையும் சேர்த்தேன்.
உர்ரென்று சுழன்றது
வீண்பழி சுமந்தவன் கோபத்தோடு.
மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே தெர்மோஸ்டாட்.
கையுறையைக் கழற்றி மேல் குழாயைத் தொட்டேன், சுட்டது.
கீழ்க் குழாய் வெதுவெதுப்பு.
நீர் போகிறது, வருகிறது.
பம்ப்பின் அடியில் ஒழுகிய தடம் இல்லை.
ரேடியேட்டர் கண்களில் சேறு இல்லை,
கொஞ்சம் உப்புப் பொருக்கு. அவ்வளவுதான்.

போன மாதம்வரை இது சாந்தா குரூஸில் ஓடிய வண்டி.
அங்கே கொளுத்துகிற மதியத்தில்
கரும்பு லாரிகளின் பின்னால் ஊர்ந்தபோதும்
ஒரு சொட்டுச் சிந்தியதில்லையாம்.
வெக்கையில் சமர்த்து, குளிரில் கொதிப்பு.
அப்படி ஒருவனை எனக்குத் தெரியும்.
விவாகரத்தாகி ஆறு வருஷம்.

விசிறி நூறு டிகிரிக்குத்தான் எழும்.
எச்சரிக்கை விளக்கு அதற்கும் மேலே.
இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.
அப்படியென்றால் நூறைத் தொடவே இல்லை.
தொடாமலே எப்படி

என்று நின்றபோது
சாலையோரத் தகரக் கொட்டகையிலிருந்து வசவு.
சூப் விற்கிற எடெல்மிரா
தன் பிரஷர் குக்கரைத் திட்டிக்கொண்டிருந்தாள்:
விடிந்ததிலிருந்து வேகிறது,
உருளைக்கிழங்கு இன்னும் கல்லு.
பார், ஓரமெல்லாம் ஆவி, விசில் ஒன்றுகூட இல்லை,
மூடி பிடிக்காவிட்டால் இந்த உயரத்தில்
நெருப்பிருந்து என்ன பிரயோஜனம்?

என் வாய் திறந்தபடியே நின்றது.

இங்கே தண்ணீருக்குப் பொறுமை குறைவு.
எண்பத்தேழு டிகிரியிலேயே
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடும்.
உட்கார வைக்க
தலைமேல் ஓர் அழுத்தம் வேண்டும்.

ஆறட்டும் என்று காத்திருந்தேன்.
வேகாத கிழங்குச் சூப்பைக் குடித்தேன், காசு கொடுத்து.
பிறகு துணியைப் போர்த்தி
ரேடியேட்டர் மூடியைக் கால்வட்டம் திருகினேன்.
உள்ளே சூடு இன்னும் மிச்சம்.
ஆனாலும் சீறவில்லை.
அந்த மௌனம்தான் பதில்.
ஸ்பிரிங் நன்றாக இருந்தது.
அடியில் ரப்பர் வளையம்
நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது.

பழைய டியூபில், நாணயம் வைத்து வரைந்து,
பேனாக்கத்தியால் ஒரு வளையம் வெட்டினேன்.
கோணல்தான். அழுத்தி மூடினேன்.
குறைந்ததற்கு அவள் குடத்துத் தண்ணீர்
(ராத்திரிக்குள் வடித்துவிட வேண்டும்,
இல்லையென்றால் உறைந்து எஞ்சினையே பிளக்கும்).
பத்து நிமிஷம் ஓடவிட்டேன்.
பாட்டிலில் கொப்புளம் இல்லை.
கொஞ்ச நேரத்தில், கூப்பிடாமலே,
விசிறி தானாக எழுந்தது.

எடெல்மிராவின் குக்கருக்கும் ஒன்று வெட்டிப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
இரண்டாவதும் பொருந்தவில்லை.
அவள் என் உள்ளங்கையைப் பிடித்து
பேனாவால் எழுதினாள்,
கிச்சுக்கிச்சு மூட்டும்படி அழுத்தாமல்:
ஆறு லிட்டர். வளையம் ஒன்று. கறுப்பு வேண்டாம்.

ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம்
அந்த எழுத்து கைப்பிடியில் உரசுகிறது.
நான்கு மணிக்கு ரத்தம்.
ஐந்துக்குள் பாத்திரக் கடை.